ஐந்தாவது இன்னிங்ஸின் நாலாவது புள்ளி

1

ஜேர்மனியில் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஒரே மாதிரி உறையில்தான் வருகின்றன. ஆகவே எல்லாக் கடிதத்தையும் நான் ஒரே மாதிரித்தான் திறக்கிறேன். கத்தியால் மேல் விளிம்பைக் கீறி, தபால் முத்திரையில் திகதி பார்த்து, வாசித்து முடிந்ததும் உறையையும் கடிதத்தோடு சேர்த்துக் குத்தி, முதுகு தடித்த கோவைக்குள் வைத்துவிடுவேன். உறை எதற்கு என்று மனைவி கேட்பதை விட்டுப் பல வருடமாகிறது.

போன செவ்வாய்க்கிழமை வந்த கடிதத்தை என் மகள் ஆரணி விளையாடும் பேஸ்போல் கழகத்தார் அனுப்பியிருந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு அந்த ஆட்டம் நடந்து ஒரு வருடமாகிறதாம். அன்றைய ஸ்கோர் தாளின் அசலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கழகத்து மண்டபச் சுவரில் மாட்டப் போகிறார்களாம். அது என்னிடம்தான் இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியும். பதினொரு மணிக்குக் கொண்டுவந்து தந்தால் எல்லோருக்கும் பெரிய சந்தோஷமாம். கீழே மூன்று பேர் கையெழுத்து. ஒரு தாளைக் கேட்க மூன்று பேர் எதற்கு என்றுதான் முதலில் யோசித்தேன்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் என்னைக் கோணல் புத்திக்காரன் என்று நினைக்கக் கூடாது. பிறவியிலேயே நான் இப்படி இல்லை. இருபத்திரண்டு வயதில் இங்கே வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தேன். விசாரணையில், ஊரில் உன்னைப் பிடித்து எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று கேட்டார்கள். பதினொரு நாள் என்றேன். ஏழு மாதம் கழித்து மறுபடி கூப்பிட்டு அதையே கேட்டபோது பன்னிரண்டு என்றேன். விட்ட நாளையும் சேர்த்தால் பன்னிரண்டு, சேர்க்காவிட்டால் பதினொன்று, அவ்வளவுதான். ஏன் இந்த வித்தியாசம் என்று அந்த மேசையில் ஒருவரும் கேட்கவில்லை. வாக்குமூலம் முரண்படுகிறது, ஆள் நம்பத் தகுந்தவர் அல்ல என்று எழுதி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். வழக்காடி வெல்ல ஆறு வருடம் போனது. அந்த ஆறு வருடத்துக்குள் ஊரில் அம்மா செத்துப்போனார், என்னால் போக முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் எதையும் எண்ணாமல் விட்டதில்லை. எண்ணியதை எழுதாமலும் விட்டதில்லை.

2

நாங்கள் இருப்பது ஹம் நகரத்தில். நான் ஒரு கம்பித் தொழிற்சாலையில் முறை வேலை, மனைவி முதியோர் இல்லத்தில். ஆரணிக்குப் பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு ஆசிரியர் பந்தைக் கொடுத்து எறிந்து பார் என்றிருக்கிறார். எறிந்திருக்கிறாள். அன்றோடு சரி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை முதலில் மாதத்துக்கு ஒருமுறை தவறவிட்டாள், பிறகு மாதத்துக்கு ஒருமுறை போனாள், பிறகு அதுவும் இல்லை. கோயிலடியில் காண்கிறவர்கள், பெட்டையைப் பெடியங்களோட மட்டை தூக்க விட்டிட்டியள் போல என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரிப்பு மட்டும் வாயில் இருக்கும், கண்ணில் இராது. இங்கே அந்த வயதில் பெடியளும் பெட்டைகளும் ஒரே அணியில் ஆடலாம், அதற்கு விதி இருக்கிறது என்று நானும் விதியைக் காட்டுவேன்.

வீட்டில் அவளுக்கு ஒரு வழக்கம். எங்களிடம் ஏதாவது வேண்டுமென்றால் தமிழில் கேட்பாள், கோபம் வந்தால் ஜேர்மனில் பொரிவாள். வளர வளர அவளுக்கு எங்களிடம் வேண்டியது குறைந்துகொண்டு வந்தது. தமிழும் அதோடு குறைந்தது.

அவளைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிக்கொண்டு வருவதும் என் வேலை. மற்றப் பெற்றோர் மடிக்கதிரைகளில் கூட்டமாக இருந்து கேக் சாப்பிடுவார்கள். நான் தள்ளி ஒரு மர வாங்கில் இருந்து, கையில் அகப்பட்ட உறையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூட நாளில் கிரிக்கெட் ஆட்டங்களுக்கு அப்படித்தான் குறித்தேன், கை மறக்கவில்லை. ஒருநாள் ப்ரிங்க்மன் என்கிற கிழவர் வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற மனுஷன், கழகத்தின் ஒரு ஆட்டத்தையும் விடாதவர். சொந்த மைதானத்தில் ஆட்டம் நடந்தால் கழகம் ஒரு ஸ்கோரரை வைக்க வேண்டும், ஒருவரும் அந்த வேலைக்கு வருகிறார்கள் இல்லை, நீர் வாரும் என்றார். ஒருவரும் விரும்பாத வேலைக்கு ஏன் என்னைத் தேடி வருகிறார் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஒப்புக்கொண்டேன். இரண்டு சனிக்கிழமை வகுப்பு, ஒரு பரீட்சை. என் படம் ஒட்டிய அட்டை தந்தார்கள், என் பெயரை ஒரு எழுத்தும் விடாமல் எழுதியிருந்தார்கள்.

அந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு விதி. ஸ்கோரர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும், எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஆனால் எண்ணிக்கையில் நடுவருக்கு வாயால் திருத்தம் சொல்லப் போகக் கூடாது. நடுவர் கேட்டால் மட்டும் சொல்லலாம். எனக்கென்றே எழுதிய விதி போல இருந்தது.

3

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மிச்சம் விளங்கும். பந்து எறிகிறவரை இங்கே பிட்சர் என்பார்கள், ஆரணி பிட்சர். மட்டைக்காரர் அடிக்கக்கூடிய இடத்தில் வந்த பந்து நல்ல பந்து, அதற்கு வெளியே போனது கெட்ட பந்து. மூன்று நல்ல பந்தை விட்டால், அல்லது மட்டையை வீசித் தவறவிட்டால், மட்டைக்காரர் அவுட். நாலு கெட்ட பந்து வந்தால் அவர் மட்டையைப் போட்டுவிட்டுச் சும்மா நடந்து முதலாவது தளத்துக்குப் போய்விடலாம். மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு இன்னிங்ஸ். இந்தப் பிள்ளைகளுக்கு ஏழு இன்னிங்ஸ். அதாவது எதிரணியில் குறைந்தது இருபத்தொரு தரம் ஆட்கள் மட்டை பிடிக்க வருவார்கள். சின்ன வயதில் தோள் கெட்டுப்போகக் கூடாதென்று ஒரு பிள்ளை ஒருநாளில் எறியும் பந்துக்கு எல்லை வைத்திருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு பந்தையும் எண்ண வேண்டியது என் பொறுப்பு. கட்டத்தின் இடது ஓரத்தில் கெட்ட பந்துக்குப் புள்ளி, வலது ஓரத்தில் நல்ல பந்துக்குப் புள்ளி. எல்லாம் பென்சிலில்.

போன வருடம் அந்த ஞாயிற்றுக்கிழமை நாலாவது இன்னிங்ஸ் முடிந்தபோது ஏதோ சரியில்லை என்று பட்டது. வழக்கமாக ஆரணி எறிந்துவிட்டு வந்தால் வாங்கில் இருக்கும் பிள்ளைகள் தோளில் தட்டுவார்கள், தண்ணீர்ப் போத்தல் நீட்டுவார்கள். அன்று அவள் வாங்கின் ஒரு அந்தத்தில் தனியாக இருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் மறு அந்தத்துக்கு நெருக்கியடித்துப் போய்விட்டார்கள். பயிற்றுநர்கூட அவளைத் தாண்டிப் போகும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனார். பார்க்க வந்தவர்கள் பக்கமும் அப்படித்தான். சளசளவென்று கதைத்துக்கொண்டிருந்த சனம் வாய் மூடியிருந்தது. ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுக்க, பக்கத்தில் இருந்த மனுஷி அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டி அடக்கினாள்.

என் பிள்ளை என்ன செய்துவிட்டாள் என்று யோசித்தேன். ஏதாவது வாய்த் தர்க்கமா? யாரையாவது ஏதாவது சொல்லிவிட்டாளா? அல்லது அவளைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா? இந்த நாட்டில் ஒதுக்குவதென்றால் சத்தம் போட்டு ஒதுக்கமாட்டார்கள். கதையை நிறுத்துவார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு என்னிடமும் வரத் தொடங்கினார்கள். முதலில் ப்ரிங்க்மன் வந்து என் பின்னால் நின்று தாளைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் போனார். பிறகு இன்னொருவர். பிறகு எதிரணிப் பிள்ளை ஒன்றின் தகப்பன். எல்லோரும் எட்டிப் பார்த்து, தாளில் கண்ணை ஓட்டி, வாய் திறக்காமல் திரும்பினார்கள். எனக்கு விளங்கிவிட்டது. தகப்பனே ஸ்கோரர், மகளே பிட்சர். மகளுக்காகத் தகப்பன் எழுதுகிறானோ என்று பார்க்கிறார்கள். தாளை மறைக்கவும் கூடாது, மறைத்தால் அதுவே சாட்சியாகிவிடும். பென்சிலைக் கூராக்கி, புள்ளிகளை இன்னும் தெளிவாக வைக்கத் தொடங்கினேன்.

ஐந்தாவது இன்னிங்ஸில் இரண்டாவதாக வந்த பெடியனுக்கு ஆரணி எறிந்த ஒரு பந்து நிலத்தில் குத்தி எழும்பி, மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிற பிள்ளையின் முகக்கவசத்தில் பட்டது. கவசத்தின் வார் அறுந்துபோனது. நடுவர் குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், வாரை முடிந்துவிட்டார், பந்தை மாற்றினார். நான் அந்தக் கெட்ட பந்துக்குப் புள்ளி வைத்தேன். நடுவர் கையில் எண்ணிக்கைக்கு ஒரு சின்னக் கருவி வைத்திருப்பார், ஒவ்வொரு பந்துக்கும் அதைத் தட்ட வேண்டும். முகக்கவசத்தோடு மினைக்கெட்டதில் அதைத் தட்டினாரோ இல்லையோ, நான் பார்க்கவில்லை.

இன்னும் சில பந்து போனது. பிறகு ஒரு பந்து வெளியே போனது. நான் இடது ஓரத்தில் நாலாவது புள்ளியை வைத்தேன். பெடியன் மட்டையைப் போட்டுவிட்டு நடக்கப்போகிறான் என்று நிமிர இருந்தேன். நடுவர் விரல்களைக் காட்டினார். மூன்று கெட்டது, இரண்டு நல்லது.

நான் தாளைப் பார்த்தேன். நாலு. மறுபடி எண்ணினேன். நாலு. ஒரு புள்ளிக்கும் அடுத்ததுக்கும் இடையில் இடைவெளி இருந்தது, கை தவறி இரண்டு தரம் பட்டதாகத் தெரியவில்லை. பெடியன் நடக்கவில்லை, அவனும் எண்ணவில்லைப் போலும். அவன் பயிற்றுநரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பந்துக்கு மட்டையை வீசினான், படவில்லை. அவுட்.

என் முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று மூச்சு விடுவது கேட்டது. நான் தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் முகத்தில் தெரிந்துவிடும். நடுவர் பிழை விட்டாரா, எனக்காகப் பிழை விட்டாரா, என்னைப் பிடிக்கப் பிழை விட்டாரா என்று மனம் எங்கெங்கோ ஓடியது. பிறகு ஒருநாள் யாராவது எண்ணிப் பார்த்து, தகப்பனும் மகளும் சேர்ந்து செய்த வேலை என்றால் என்ன சொல்வேன்? விதி என்ன சொல்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டேன். கேட்டால் சொல்வேன், கேட்கவில்லை. அந்த ஆட்டம் முடியும்வரை நான் பந்தை மட்டும் பார்த்தேன், தாளை மட்டும் பார்த்தேன்.

4

கடைசிப் பெடியன் அடித்த பந்து உயரப் போனது. எங்கள் பிள்ளை ஒன்று பின்னுக்கு ஓடி ஓடிப் பிடித்தது. அவ்வளவு நேரமும் செத்த வீடு போல இருந்த இடம் அந்த விநாடியில் வெடித்தது. வாங்கில் இருந்த பிள்ளைகள் முழுப்பேரும் ஆரணியை நோக்கி ஓடினார்கள், அவளை நிலத்தில் விழுத்தி மேலே மேலே விழுந்தார்கள். அடிக்கிறார்கள் என்று நினைத்து நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிவிட்டேன். ப்ரிங்க்மன் என் கையைப் பிடித்தார். அந்த மனுஷன் அழுதுகொண்டிருந்தார்.

பெர்பெக்ட் கேம் என்றார். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை எதிரணியில் ஒருவரையும் ஒரு தளத்துக்கும் போகவிடாமல் எறிந்து முடிப்பதாம். இருபத்தொரு பேர் வந்தார்கள், இருபத்தொரு பேரும் திரும்பினார்கள். நாற்பது வருடமாக இந்த வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன், ஒருநாளும் கண்டதில்லை, உம்முடைய பிள்ளை காட்டிவிட்டாள் என்றார். அப்படியானால் ஏன் அவளோடு ஒருவரும் கதைக்கவில்லை என்று கேட்டேன். அவருக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு ஆட்டம் நடக்கிறபோது அந்தப் பேரை வாயால் சொல்லக் கூடாதாம். பிட்சரோடு கதைக்கவே கூடாதாம், கிட்டப் போகவும் கூடாதாம். சொன்னால் கெட்டுப்போகுமாம். சொல்லவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல்தான் எல்லோரும் என் தாளை வந்து வந்து பார்த்தார்களாம்.

எங்கள் வீடுகளில் விசா வந்து கையில் கிடைக்கும்வரை பக்கத்து வீட்டுக்கும் மூச்சு விடமாட்டோம். என் மச்சாள் ஐந்து மாதம் வரைக்கும் வயிற்றைச் சேலையால் மூடித் திரிந்தாள். நாவூறு எங்களுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். ஒரு மைதானம் நிறைந்த ஜேர்மன்காரர் வாயைப் பொத்திக்கொண்டு என் பிள்ளைக்காகப் பயந்திருக்கிறார்கள், நானோ அவர்களைச் சந்தேகித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள் நாலாவது புள்ளி குத்தியது.

எதிரணிப் பெற்றோரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். யாரோ பியர்ப் பெட்டி கொண்டுவந்தார்கள். கேக் விற்ற மேசையில் காசு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஆளுக்கு ஆள் என் தாளைக் கைபேசியில் படம் எடுத்தார்கள். எடுக்கட்டும் என்று விட்டேன், தூரத்தில் நின்று எடுத்த படத்தில் புள்ளி தெரியாது. அன்று எறிந்த பந்தை ஆரணியிடம் கொடுத்து, பேனாவும் கொடுத்து, ஆட்டத்தின் பேரை அதில் எழுதச் சொன்னார்கள். அவள் திகதியை மட்டும் எழுதினாள். என்ன அடக்கமான பிள்ளை என்று சுற்றி நின்றவர்கள் உருகினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முடிவை மட்டும்தான் லீக்குக்கு அனுப்புவது. ஸ்கோர் புத்தகம் ஸ்கோரரிடம்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கோவைக்குள் வைத்தேன். ஒரு வருடமாக அதை நான் வெளியே எடுக்கவில்லை.

5

இனிக் கடிதத்துக்கு வருகிறேன். சுவரில் மாட்டினால் ஞாயிறுதோறும் ஆட்கள் பியரோடு வந்து பார்ப்பார்கள். இந்த நாட்டில் எண்ணிப் பார்க்க ஒருவர் இல்லாமல் போகமாட்டார். பிறகு பிள்ளையின் பேர் என்னாகும்? நாற்பது வருடத்தில் கண்ட ஒரே ஒரு ஆட்டம் என்று அழுத கிழவருக்கு நான் என்ன சொல்வேன்? தாளைத் தொலைத்துவிட்டேன் என்று எழுதலாம். என்னை அறிந்த ஒருவரும் அதை நம்பமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலையால் வந்து, குசினி மேசையில் தாளை விரித்தேன். அழிறப்பரை எடுத்தேன். பென்சில் புள்ளிதானே, இரண்டு தரம் தேய்த்தால் போய்விடும். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு தாளிலும் ஒரு எழுத்தையும் நான் மாற்றியதில்லை. புள்ளிக்கு மேலே அழிறப்பரை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

ஆரணி பயிற்சி முடிந்து எப்போது உள்ளே வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. தோளில் பையோடு மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அழிக்காதேங்கோ அப்பா," என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

நான் ஒன்றுமில்லை பிள்ளை, தாளில் அழுக்கு என்று ஏதோ சொன்னேன். அவள் பையை இறக்கிவிட்டு, விரலை நேராக ஐந்தாவது இன்னிங்ஸில், இரண்டாவது கட்டத்தில் வைத்தாள். தேடவே இல்லை.

"நாலு," என்றாள். "எனக்குத் தெரியும். நானும் எண்ணினனான்."

எனக்குத்தான் பிழைத்திருக்கும், இரண்டு தரம் புள்ளி பட்டிருக்கும், நடுவர் சொன்னதுதான் சரி என்றேன். என் வாழ்க்கையில் என் கையெழுத்துக்கு எதிராக நானே சொன்ன முதலாவது சாட்சி அது.

"உங்களுக்குப் பிழைக்காது அப்பா," என்றாள். கோபம் இல்லை. நேரத்தைச் சொல்வது போலச் சொன்னாள்.

அப்படியானால் நீ ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அதை நான் கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது.

"ஆரிட்டைச் சொல்லுறது? ஒருத்தரும் என்னோட கதைக்கேல்லை. ஏன் கதைக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும், எண்டாலும் பயமா இருந்தது. அந்தப் பந்து போன உடனை நான் உங்களைத்தான் பாத்தனான். நீங்கள் எழுதியிருப்பியள் எண்டு தெரியும். நீங்கள் ஒருக்கா நிமிந்து பாத்திருந்தா நான் கையைத் தூக்கியிருப்பன். கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டனான். நீங்கள் தலை தூக்கேல்லை."

தாளைக் கொண்டுபோய்க் கொடுங்கோ, ஆராவது எண்ணிக் கேட்டால் நான் மறுமொழி சொல்லுவன் என்றுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். அவள் என்னிடம் இவ்வளவு தமிழ் ஒரே மூச்சில் கதைத்துப் பல மாதமாகிறது.

நான் மேசையை விட்டு எழும்பவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அந்தத் தாளில் தேடினேன். எல்லாவற்றையும் எழுதியிருந்தேன், எதையும் விடவில்லை. அந்த நேரத்துக்கு நேரே ஒரு புள்ளி மட்டும்தான் இருந்தது.